கைமாறிய கட்டடங்கள்: கோர்தோபாவும் தென்பரங்குன்றமும்

(மதுரையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நான் எடுத்துக்கொண்ட பொருள் ஸ்பெயின் நாட்டின் தெற்கே, குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் இருக்கும் கோர்தோபா நகரின் பெரிய பள்ளிவாசல். அரபு நூல்கள் அந்த ஊரைக் குர்துபா என்று சொல்லும். எட்டாம் நூற்றாண்டில் எழுந்த அந்தப் பள்ளியில் நானூற்று ஐம்பது ஆண்டுகள் பாங்கு ஒலித்தது. 1236இல் அது கிறித்தவப் பேராலயமாயிற்று. இன்றும் அங்கே திருப்பலி நடக்கிறது. அதே கூரையின் கீழ் மக்காவின் திசையைக் குறிக்கும் தொழுகை மாடமான மிஹ்ராபும் பொன்னொளியோடு நிற்கிறது.

மதுரையில் இதைப் பேச என்ன தேவை என்று கேட்கலாம். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் தொலைவில், திருப்பரங்குன்றம் மலையின் தென்புறத்தில், அதே 13ஆம் நூற்றாண்டில் ஒரு சமணக் குடைவரை சிவன் கோயிலாக மாறியிருக்கிறது. வழிபாட்டிடங்கள் கைமாறுவது உலகெங்கும் நடந்த கதை. நம் ஊரிலும் நடந்த கதை. கைமாறிய கட்டடத்தை எப்படிக் காப்பது, அதன் வரலாற்றை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்குக் கோர்தோபாவில் பாடம் இருக்கிறது. அதைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

1. அடைக்கலம் தேடி வந்த இளவரசர்

750இல் அப்பாசியர்கள் டமாஸ்கஸின் உமையா அரச மரபை வீழ்த்தினார்கள். அந்தக் குடும்பத்தில் உயிர் தப்பிய இளவரசர்களில் ஒருவர் அப்துர் ரஹ்மான். வட ஆப்பிரிக்கா வழியாக அலைந்து ஸ்பெயினை அடைந்த அவர், 756இல் கோர்தோபாவைத் தலைநகராகக் கொண்டு தனி ஆட்சி அமைத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 785-86இல், பெரிய பள்ளிவாசலின் வேலையைத் தொடங்கினார். நம் ஆனைமலையில் நரசிங்கப் பெருமாள் குடைவரையை மாறன் காரி குடைவித்தது 770இல். இரண்டும் ஒரே தலைமுறையின் வேலைகள் என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அந்த இடத்தில் முன்பு புனித வின்சென்ட் பெயரில் ஒரு தேவாலயம் இருந்தது என்றும், கிறித்தவர்களுக்கு விலை கொடுத்து அதை வாங்கியே பள்ளி கட்டினார்கள் என்றும் பிற்கால அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்தார்கள். தரைக்கடியில் பழைய கட்டடங்களின் எச்சங்கள் கிடைத்துள்ளன. அவை எதனுடையவை என்று தொல்லியலாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2. ஓர் அங்கணத்தின் அற்புதம்

இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட வெளியை நம் ஸ்தபதிகள் அங்கணம் என்பார்கள். கோர்தோபாவில் ஓர் அங்கணத்தை மட்டும் நின்று பார்த்தால் போதும், கட்டியவர்களின் அறிவு முழுவதும் விளங்கிவிடும்.

நம் கோயில் மண்டபத்தில் தூணின் மேல் போதிகை, போதிகையின் மேல் உத்திரம், அதன் மேல் கற்பலகை. உயரம் வேண்டுமென்றால் உயரமான தூணாக வெட்டிக்கொள்ளலாம். மலையும் கல்லும் பக்கத்திலேயே இருக்கின்றன. கோர்தோபாவின் கொத்தர்கள் புதிதாகத் தூண் வெட்டவில்லை. இடிந்துகிடந்த ரோமானியக் கட்டடங்களிலிருந்தும் ரோமானியருக்குப் பின் ஆண்ட விசிகோத்துகளின் கட்டடங்களிலிருந்தும் தூண்களைக் கொண்டுவந்தார்கள். பல நிறக் கற்கள், பல அளவுகள், பல விதமான போதிகைகள். குட்டையானவற்றுக்கு அடியில் பீடம் வைத்தார்கள். நெட்டையானவற்றின் அடியைத் தரைக்குள் இறக்கினார்கள். அப்படியும் இவ்வளவு பெரிய கூடத்துக்கு வேண்டிய உயரம் கிடைக்கவில்லை. கூரை தாழ்ந்தால் உள்ளே இருளும் புழுக்கமும்தான் மிஞ்சும்.

இதற்கு அவர்கள் கண்ட வழி இரட்டை வளைவு. தூணின் தலையில் ஒரு செவ்வகக் கட்டுத்தூணை ஏற்றினார்கள். கீழே, தூணுக்குத் தூண் ஒரு குதிரை லாட வளைவு. அதன் மேல் சுவர் எழுப்பாமல் வெளியை அப்படியே விட்டு, கட்டுத்தூண்களின் உச்சியில் இரண்டாவதாக ஓர் அரைவட்ட வளைவு. கீழ் வளைவு தூண்கள் சாயாமல் இழுத்துப் பிடிக்கிறது. மேல் வளைவு கூரையின் பாரத்தைத் தாங்குகிறது. மேலே போகப் போகக் கட்டுமானம் அகலமாகிறது. காரணம் இருக்கிறது. தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியே இருபுறச் சரிவுக் கூரை போட்டிருக்கிறார்கள். இரண்டு கூரைகளுக்கு நடுவே மழைநீர் ஓடும் கால்வாய் அந்தச் சுவரின் தலையில்தான் போகிறது. காற்றும் வெளிச்சமும் இரண்டு வளைவுகளுக்கு இடையே தடையின்றிப் புகுந்து போகின்றன.

வளைவுக் கற்களை ஒன்றுவிட்டு ஒன்றாகச் செங்கல்லும் வெண்கல்லுமாக அடுக்கியதால் சிவப்பும் வெள்ளையுமான வரிகள் அமைந்தன. பார்வைக்கு இது அலங்காரம். அடிப்படையில் கட்டுமான முறை. அதே ஸ்பெயினில் மெரிதா ஊரின் ரோமானிய நீர்க்கால்வாய்ப் பாலத்தில் கல்லும் செங்கல்லும் மாறிமாறி வருவதையும் வளைவின் மேல் வளைவு எழுவதையும் இன்றும் பார்க்கலாம். அடைக்கலம் தேடி வந்த மன்னர், உள்ளூர்க் கொத்தர்கள், ரோமானியத் தூண்கள், இசுலாமியத் தொழுகையின் தேவை ஆகிய அனைத்தும் சேர்ந்து அதுவரை உலகம் காணாத ஓர் உள்வெளியைப் படைத்துவிட்டன.

3. வளர்ந்த பள்ளி

முதல் பள்ளியில் பதினொரு பத்திகள். பத்திக்குப் பன்னிரண்டு அங்கணங்கள். வடக்கே திறந்த முற்றம். ஊர் பெருகப் பெருகப் பள்ளியும் பெருகியது. ஒன்பதாம் நூற்றாண்டில் இரண்டாம் அப்துர் ரஹ்மான் தெற்கே எட்டு அங்கணங்கள் நீட்டினார். 929இல் கலீஃபா பட்டம் சூடிய மூன்றாம் அப்துர் ரஹ்மான் முற்றத்தை விரிவாக்கி, 951-52இல் உயர்ந்த மினாரா எழுப்பினார்.

கலையின் உச்சம் 960களில், இரண்டாம் அல்ஹகம் காலத்தில் வந்தது. அவர் மேலும் பன்னிரண்டு அங்கணங்கள் தெற்கே சேர்த்தார். வளைவுகள் இதழ் இதழாக விரிந்து ஒன்றையொன்று பின்னின. மிஹ்ராபுக்கு முன்னால் எழுப்பிய குவிமாடத்தில் எட்டு விலா வளைவுகள் நடுப்புள்ளியில் சந்திக்காமல் ஒன்றையொன்று வெட்டிச் சென்று நடுவில் எண்கோணத்தை விட்டுவைக்கின்றன. மிஹ்ராப் வழக்கமான மாடக்குழியாக இல்லாமல் ஒரு சிற்றறையாகவே அமைந்தது; அதன் விதானம் சிப்பி வடிவில் செதுக்கியது. வாயிலைச் சுற்றிப் பொன்னும் நீலமுமான கண்ணாடிச் சில்லுகளால் கூஃபி என்ற அரபு வரிவடிவ எழுத்துகள். அந்த வேலைக்கான கைவினைஞரையும் சில்லுகளையும் கான்ஸ்டாண்டினோப்பிளின் கிறித்தவப் பேரரசர் அனுப்பினார் என்று அரபு வரலாறு சொல்கிறது. பழைய மிஹ்ராபிலிருந்த நான்கு தூண்களை அல்ஹகம் வீசிவிடாமல் புதிய மிஹ்ராபின் இருபுறமும் நிறுத்தினார். முன்னவர் வேலைக்குப் பின்னவர் செய்த மரியாதை அது.

கடைசி விரிவு 987-88இல் அமைச்சர் அல்மன்சூர் செய்தது. நம் பக்கம் ராஜராஜன் பட்டத்துக்கு வந்து இரண்டொரு ஆண்டுகள் ஆகியிருந்த காலம். தெற்கே ஆறு, மேற்கே அரண்மனை. அதனால் கிழக்கே மட்டும் எட்டுப் பத்திகளைச் சேர்த்தார்கள். பத்திகள் பத்தொன்பதாயின, மிஹ்ராப் நடுவிலிருந்து விலகிப்போனது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்களோடு நின்ற அந்தக் கூடத்தில் இன்று எஞ்சியிருப்பவை 856. நம் மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985. இந்த எண்களை மதுரைக்காரர்களால் உடனே உள்வாங்கிக்கொள்ள முடியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண்கள் கோணம் மாறி வரிசை கட்டும் அனுபவம் நமக்குப் பழகியது.

4. 1236

1236 ஜூன் 29ஆம் நாள் காஸ்டீல் அரசர் மூன்றாம் ஃபெர்டினாண்டிடம் கோர்தோபா சரணடைந்தது. பள்ளிவாசல் புனித மரியாளின் பேராலயமாக அர்ச்சிக்கப்பட்டது. 997இல் அல்மன்சூர் சாந்தியாகோ திருத்தலத்தைத் தாக்கி, அதன் மணிகளைக் கிறித்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் கோர்தோபாவுக்குக் கொண்டுவந்திருந்தார். ஃபெர்டினாண்ட் அதே மணிகளை முசுலிம் கைதிகளின் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினார் என்று கிறித்தவ வரலாறுகள் பெருமையோடு பதிந்திருக்கின்றன. வென்றவர் யாராயினும் சுமந்தவர்கள் கைதிகள். இதை மறைத்துவிட்டுக் கட்டடத்தின் அழகை மட்டும் பேசுவது வரலாறாகாது.

ஆனால் வென்றவர்கள் பள்ளியை இடிக்கவில்லை. பெரிய கூடத்தின் ஓரங்களில் பலிபீடங்களும் சிற்றாலயங்களும் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அந்தத் தூண்களுக்கிடையிலேயே திருப்பலி நடத்தினார்கள். கூரையும் சுவரும் பழுதாகும்போது அந்த முறையில் வேலை தெரிந்தவர்கள் முசுலிம் கொத்தர்களும் தச்சர்களும்தான். அவர்கள் ஆண்டுக்கு இரண்டு நாள் பேராலயப் பணி செய்ய வேண்டும் என்று 1263இல் பத்தாம் அல்போன்சோ ஆணையிட்டார். 1371இல் இரண்டாம் என்ரிக்கே தம் முன்னோர்களை அடக்கம்செய்ய அரச சிற்றாலயத்தை முடித்தபோது, அதன் சுதைவேலை இசுலாமியக் கைவினை மரபிலேயே அமைந்தது. கிறித்தவ அரசர்களின் கல்லறைக்கு மேலே பின்னிய வளைவுகளும் அரபுக் கொடிக்கருக்கும்! ஆட்சி மாறினாலும் கைப்பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

இது நமக்கும் தெரிந்ததே. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய கல் பள்ளிவாசல்களைப் பாருங்கள். கல் தூண், போதிகை, கற்கூரை, தூணில் பூவும் கொடியும். உருவச் சிற்பம் மட்டும் இராது. கோயில் மண்டபம் எழுப்பிய கைகளின் மரபுதான் பள்ளியின் மண்டபத்தையும் எழுப்பியது. நம் மதுரையில் கோரிப்பாளையம் தர்காவுக்கு உரிய நிலக்கொடையை வீரப்ப நாயக்கர் 1573இல் உறுதிசெய்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஒரு சமயத்தாரின் கட்டடத்தை மற்றொரு சமயத்தார் கட்டியும் காத்தும் வந்ததற்கு இந்த மண்ணிலேயே சான்றுகள் உண்டு.

5. நகரமன்றம் குறுக்கே நின்ற கதை

கோர்தோபாவுக்குப் பெரிய சோதனை 1523இல் வந்தது. ஆயர் அலோன்சோ மன்ரிக்கே பள்ளியின் நட்டநடுவே தூண்களைப் பெயர்த்துவிட்டு உயரமான புதிய ஆலயம் எழுப்பத் திட்டமிட்டார். எதிர்த்தவர்கள் யார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. அவ்வூரின் நகரமன்றம். அதில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கிறித்தவர்கள். இந்தக் கட்டடத்தைப் போல் இன்னொன்று உலகில் கிடையாது, இடித்தால் மறுபடி கட்ட முடியாது என்று வாதிட்டு, இடிக்கும் வேலைக்குப் போகும் எவருக்கும் மரண தண்டனை என்றே அறிவித்தார்கள். வழக்கு பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் போயிற்று. அவர் ஆயருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பிற்பாடு நேரில் வந்து பார்த்தவர், எங்கும் கட்டக்கூடியதைக் கட்டுவதற்காக எங்குமே இல்லாததை அழித்துவிட்டீர்களே என்று வருந்தியதாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, ஊரார் மனத்தில் இருந்தது அதுதான்.

கட்டடக் கலைஞர் எர்னான் ரூயிஸ் வேலையைத் தொடங்கினார். அவருக்குப் பின் அவர் மகன் தொடர்ந்தார். மேல் விதானம் முடிந்தது 1607இல். நம் பக்கம் இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. கோதிக் முறையில் தொடங்கிய ஆலயம் மறுமலர்ச்சிக் கால முறையில் முடிந்தது. அதனோடு ஒப்பிட்டால் மங்கியும் தாழ்ந்தும் தெரியும் தூண் காட்டின் நடுவே திடீரென வெளிச்சமும் உயரமும் பொங்கும் வெள்ளைக் கூடம். பாடகர் குழுவுக்கான மரச் சிற்ப இருக்கைகளை 18ஆம் நூற்றாண்டில் பேத்ரோ துக்கே கொர்னேகோ செதுக்கினார். தனியே பார்த்தால் அதுவும் உயர்ந்த வேலை. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ரூயிஸ் குடும்பத்தார் பள்ளி முழுவதையும் தரைமட்டமாக்கவில்லை. வேண்டிய இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சுற்றியிருந்த வளைவு வரிசைகளைப் புதிய ஆலயத்துக்கு முட்டாகவும் பயன்படுத்திக்கொண்டார்கள். மினாராவுக்கும் அதே கதி. 1589 புயலில் அது சேதப்பட்டபோது, மூன்றாம் எர்னான் ரூயிஸ் அதைச் சுற்றிலும் கல்லுறை கட்டி மணிக்கூண்டாக்கினார். இன்று 54 மீட்டர் உயரத்தில் நிற்கும் மணிக்கூண்டின் வயிற்றுக்குள் மூன்றாம் அப்துர் ரஹ்மானின் மினாரா இருக்கிறது.

நகரமன்றம் தோற்றது. ஆனாலும் அந்த எதிர்ப்பும் வழக்கும் எழாமல் இருந்திருந்தால் இந்த 856 தூண்களில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தங்கள் சமயத்தைச் சேராத ஒரு கட்டடத்துக்காகத் தங்கள் ஆயரையே எதிர்த்து நின்ற அந்த மனிதர்களை நான் வணங்குகிறேன்.

6. தென்பரங்குன்றம்

இனி நம் மலைக்கு வருவோம். திருப்பரங்குன்றத்தின் தென்பக்கத்தில் உமையாண்டார் கோயில் என்ற குடைவரை இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். பாண்டியர் காலத்தில் சமணக் குடைவரையாக உருவானது. மாறவர்மன் சுந்தர பாண்டியன் ஆட்சியில், 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பிரசன்னதேவர் என்ற சைவத் துறவிக்காகச் சிவன் கோயிலாக மாற்றப்பட்டது. கோர்தோபா கைமாறிய 1236இல் மதுரையை ஆண்டவரும் இதே சுந்தர பாண்டியர்தான்.

கருவறைப் பின்சுவரில் நந்தியோடு நிற்கிறார் அர்த்தநாரீசுவரர். அவருக்கு மேலே கண்ணை உயர்த்துங்கள். ஒரு மரம் கிளை விரித்திருக்கும். அர்த்தநாரீசுவரர் திருவுருவத்தில் அந்த மரத்துக்கு வேலை இல்லை. அது தீர்த்தங்கரரின் தலைக்கு மேல் வரும் அசோக மரம். பழைய உருவத்தைச் செதுக்கி மாற்றியவர்கள் மரத்தை விட்டுவிட்டார்கள். பாறையில் குடைந்த கோயிலில் ஒரு வசதியும் ஒரு வம்பும் உண்டு: செதுக்கியதை எடுக்க முடியும், எடுத்ததை ஒட்ட முடியாது. அதனால் மாற்றியவர்களின் உளித்தடமும் மாற்றத்துக்கு முந்திய உளித்தடமும் ஒரே சுவரில் நிற்கின்றன. சமணரின் கையும் சைவரின் கையும் அங்கே ஒருசேரத் தெரிகின்றன.

7. பெயர் சொல்லும் நேர்மை

நம் திருமலை நாயக்கர் மகாலும் கைமாறிய கட்டடமே. 1636இல் கட்டிய அரண்மனையின் பெரும்பகுதியைச் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனார். எஞ்சியதைச் சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு 1866-72இல் பழுதுபார்த்தார். அதில் மாவட்ட நீதிமன்றம் நடந்தது. கட்டடத்தில் மனித நடமாட்டம் இருந்ததால் கூரைக்குக் கவனிப்பு இருந்தது. கோர்தோபாவும் அப்படித்தான் பிழைத்தது. கோர்தோபா கலீஃபாக்களின் பெருமையான அரண்மனை நகரம் மதீனத் அஸ்ஸஹ்ரா கைவிடப்பட்டு, கல் பெயர்ப்போருக்கு இரையாகி, மண்மேடாயிற்று. புழக்கத்தில் இருந்ததால் பள்ளி நின்றது. இதற்காகப் பேராலயத்தாருக்கு உலகம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் காப்பவருக்கு மறைக்கும் உரிமை கிடையாது. 1984இல் அந்தக் கட்டடம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. 2006இல் மறைமாவட்டம் முப்பது யூரோ கட்டணத்தில் அதைத் தன் சொத்தாகப் பதிவுசெய்துகொண்டது. பார்வையாளர் துண்டறிக்கைகளில் பள்ளிவாசல் என்ற பெயர் ஒதுக்கப்பட்டு, பேராலயம் என்பது மட்டும் முன்னுக்கு வந்தது. ஊரார் பொறுக்கவில்லை; லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு எழுந்தது. 2016இல் பள்ளிவாசல்-பேராலயம் என்ற இரட்டைப் பெயருக்கு நிர்வாகம் திரும்பியது. முசுலிம்கள் அங்கே தொழ இன்றும் அனுமதி இல்லை. ஆனாலும் அந்தப் பள்ளியின் நினைவு மங்கவில்லை: 1933இல் அங்கு சென்ற கவிஞர் இக்பால் தம் புகழ்பெற்ற உருதுக் கவிதைகளில் ஒன்றை அந்தப் பள்ளிவாசலுக்கே அளித்தார்.

2025 ஆகஸ்ட் 8ஆம் நாள் இரவு அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்து ஒரு சிற்றாலயத்தின் கூரை சரிந்தது. தீயணைப்புப் படையினர் பரவவிடாமல் தடுத்தார்கள். அன்றிரவு பதறியவர்கள் எந்தச் சமயத்தார் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

8. முடிவாக

கோர்தோபாவிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இரண்டு. ஒன்று, கைமாறிய கட்டடத்தை மறுபடி கைமாற்ற முனைவதால் பழைய அநீதி தீராது. இன்னொரு அடுக்கு அழியும். இரண்டு, எந்த அடுக்கையும் பெயர் சொல்லாமல் விடக் கூடாது. கட்டியவர், வென்றவர், மாற்றியவர், சுமந்தவர், காத்தவர் எல்லாரும் ஒரே பலகையில் இடம்பெற வேண்டும்.

அரசுக்கும் தொல்லியல் துறைக்கும் இந்த மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மதுரையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சின்னத்திலும், அதன் வரலாற்றின் எல்லாக் கட்டங்களையும் எளிய தமிழில் சொல்லும் பலகை வேண்டும். ஆசிரியப் பெருமக்களே, உங்கள் மாணவர்களைத் தென்பரங்குன்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த மரத்தைக் காட்டுங்கள். அது யாருடைய மரம், யார் அதை விட்டுவைத்தார்கள் என்று இரண்டையும் சொல்லிக்கொடுங்கள். முழு வரலாற்றையும் தெரிந்துகொண்ட பிள்ளைகள் எந்தக் கட்டடத்தையும் இடிக்கக் கை ஓங்க மாட்டார்கள்.